சமநிலையும் நடுநிலையும்

நுழையும்முன்

ஆட்டக்களத்தில் வெற்றியும் தோல்வியும் மட்டுமே முடிவுகள் அல்ல. சமநிலையும் ஒரு முடிவே. ஓர் ஆட்டம் சமநிலையில் முடிந்தால் இரண்டு அணியினரும் புள்ளியைப் பகிர்ந்துகொண்டு கைகுலுக்கிப் பிரியலாம். ஆனால், ஒரு தொடரின் இறுதியில் இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் வந்து நின்றால் கோப்பையை யாருக்கு வழங்குவது? அத்தருணத்தில் முடிவுசெய்வது வீரரின் கால்களோ கைகளோ அல்ல. முன்பே எழுதிவைக்கப்பட்ட விதி. அவ்விதி நடுநிலையானதா என்பதை எவ்வாறு அறிவது? அதனை ஆராய்கிறது இக்கட்டுரை.

மாமல்லபுரத்தில் ஒரு சமநிலை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், மாமல்லபுரத்தைக் கடந்ததும் சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் ஆகிய ஊர்களை அடைவர். அணுசக்தித் துறைப் பணியாளர்கள் வாழும் அணுபுரமும் இப்பகுதியிலேயே உள்ளது. பல்லவர் காலச் சிற்பங்களால் உலகப் புகழ்பெற்ற இக்கடற்கரை, 2022ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை உலகச் சதுரங்க வீரர்கள் கூடும் களமாயிற்று. இந்தியாவில் முதன்முறையாக நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட் அது, வரிசையில் 44ஆவது. வேட்டி கட்டிய குதிரையாகிய ‘தம்பி’ அதன் சின்னமாக விளங்கினான். பொதுப் பிரிவில் மட்டும் 180க்கும் மேற்பட்ட அணிகள் பங்கேற்றன.

இத்தொடரில் ஒவ்வோர் அணியும் 11 சுற்றுகள் ஆடியது. ஒரு சுற்றில் நான்கு பலகைகளில் நான்கு ஆட்டங்கள் நடைபெறும். அவற்றுள் கிடைக்கும் வெற்றிகளும் சமநிலைகளும் ‘பலகைப் புள்ளிகள்’ ஆகும். பலகைப் புள்ளிகளில் முந்திய அணிக்கு 2 ‘அணிப் புள்ளிகள்’; இரண்டு அணிகளும் சமமானால் ஆளுக்கொரு புள்ளி. தரவரிசை முதலில் அணிப் புள்ளிகளைக் கொண்டே அமையும்.

பொதுப் பிரிவில் 11 சுற்றுகளும் முடிந்தபோது உசுபெக்கிசுத்தானும் ஆர்மேனியாவும் 19 புள்ளிகளுடன் சமமாக நின்றன. தங்கம் உசுபெக்கிசுத்தானுக்கும் வெள்ளி ஆர்மேனியாவுக்கும் வழங்கப்பட்டன. இளம் வீரர்களான குகேஷ், பிரக்ஞானந்தா ஆகியோர் ஆடிய இந்திய ‘பி’ அணி 18 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றது. மகளிர் பிரிவில் உக்ரைனும் சியார்சியாவும் 18 புள்ளிகளுடன் சமமாக நின்றன. தங்கம் உக்ரைனுக்குச் சென்றது.

நமக்கு மிக நெருக்கமான சமநிலை, மகளிர் பிரிவின் மூன்றாம் இடத்தில் நிகழ்ந்தது. கொனேரு ஹம்பி, ஹரிகா, வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி ஆகியோர் அடங்கிய இந்திய ‘ஏ’ அணி, 10 சுற்றுகளின் முடிவில் 17 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்தது. இறுதிச் சுற்றில் அமெரிக்க அணியிடம் 1-3 என்னும் கணக்கில் தோற்றது. அவ்வெற்றியால் அமெரிக்காவும் 17 புள்ளிகளை எட்டியது. ஒரே புள்ளியில் நின்ற இவ்விரு அணிகளுள் வெண்கலம் பெற்றது எது? இந்திய அணி! மகளிர் ஒலிம்பியாடில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அதுவே.

சில மணி நேரத்திற்கு முன் இந்தியாவை நேருக்கு நேர் வென்ற அணி நான்காம் இடத்தில் நிற்க, தோற்ற அணி பதக்க மேடை ஏறியது. இது நடுநிலையான முடிவா? நம் நாட்டுக்குக் கிடைத்த பதக்கம் என்பதால் இவ்வினாவைத் தவிர்த்துவிடக் கூடாது. விடை காண, அங்குப் பின்பற்றப்பட்ட விதியை முதலில் அறிதல் வேண்டும்.

புள்ளிக்குள் ஒளிந்திருக்கும் புள்ளி

சமநிலையில் நிற்போரை வரிசைப்படுத்தும் விதியைச் ‘சமநிலை முறிப்பு விதி’ எனலாம். ஆட்டக்களத்தில் இதனை ‘டைபிரேக்’ என்பர். சதுரங்க ஒலிம்பியாடில் முதலில் நோக்கப்படுவது, சோன்போர்ன், பெர்கர் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் கணக்கு முறையாகும். அதன் அடிப்படை எளியது. ஓர் எதிரணி தொடரின் முடிவில் எத்தனை அணிப் புள்ளிகள் பெற்றதோ, அதனை அவ்வணிக்கு எதிராக நாம் பெற்ற பலகைப் புள்ளிகளால் பெருக்க வேண்டும். இவ்வாறு எல்லா எதிரணிகளுக்கும் கிடைக்கும் தொகைகளைக் கூட்ட வேண்டும். மிகக் குறைந்த புள்ளி பெற்ற ஓர் எதிரணி மட்டும் கணக்கிலிருந்து நீக்கப்படும். முதற்சுற்றில் மிக எளிய அணி எதிரே வந்து அமைவது யாருடைய குற்றமும் அன்று என்பதே இந்நீக்கத்தின் காரணம்.

எடுத்துக்காட்டாக, 14 புள்ளிகள் பெற்ற வலிய அணியை 3-1 என வென்றால் 14 × 3 = 42 கிடைக்கும். 8 புள்ளிகள் மட்டுமே பெற்ற எளிய அணியை 4-0 என முழுமையாக வென்றாலும் 8 × 4 = 32 தான் கிடைக்கும். எளியோரை வாரிச் சுருட்டுவதைவிட வலியோரை முயன்று வெல்வதே சிறப்பு என்பது இவ்விதி உணர்த்தும் கருத்து.

இவ்விதி ஏன் தேவைப்படுகிறது? ஒலிம்பியாடில் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் மோதுவதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள் பங்கேற்கும்போது அது இயலாது. எனவே ‘சுவிஸ் முறை’ பின்பற்றப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே புள்ளியில் நிற்கும் அணிகள் மோதிக்கொள்ளும். வென்றுகொண்டே செல்லும் அணிக்கு மேலும் மேலும் வலிய எதிரணிகள் வாய்க்கும். தொடக்கத்தில் தோற்ற அணி எளிய எதிரணிகளைச் சந்தித்து, இறுதியில் மேலேறி வரக்கூடும். ஆகவே இரண்டு அணிகளின் 17 புள்ளிகள் எண்ணளவில் ஒன்றாயினும், அவற்றைப் பெறக் கடந்துவந்த பாதைகள் ஒன்றல்ல. அப்பாதையின் கடுமையை அளப்பதே இக்கணக்கின் நோக்கம்.

இப்போது இந்திய, அமெரிக்க அணிகளின் இறுதிச் சுற்றை இக்கணக்கில் பொருத்திப் பார்ப்போம். இரண்டு அணிகளும் 17 புள்ளிகளில் முடித்தன. 3 பலகைப் புள்ளிகள் பெற்ற அமெரிக்காவுக்கு 17 × 3 = 51; 1 புள்ளி பெற்ற இந்தியாவுக்கு 17 × 1 = 17. அந்த ஒரு சுற்றிலேயே அமெரிக்கா 34 கூடுதலாகப் பெற்றது. அவ்வாறிருந்தும் இந்தியா முன்னே நின்றது என்றால், மற்றச் சுற்றுகளில் அந்த 34ஐயும் விஞ்சும் அளவுக்கு இந்திய அணி சேர்த்து வைத்திருந்தது என்பது பொருள். ஒருநாள் தோல்வியைப் பல நாள் உழைப்பு ஈடுசெய்தது. விதியை வகுத்தோர் ‘இறுதி நாளில் வென்றவர் யார்?’ என வினவவில்லை. ‘தொடர் முழுவதும் கடினமான பாதையில் சென்றவர் யார்?’ என வினவினர்.

> தெரிந்து தெளிவோம்
>
> சமநிலை முறிப்பு ஒரு வீரரின் வாழ்வையே திருப்பக்கூடும். 2023 டிசம்பரில் நடைபெற்ற சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியில் குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் 7 சுற்றுகளில் 4.5 புள்ளிகளுடன் சமமாக நின்றனர். சமநிலை முறிப்புக் கணக்கால் குகேஷ் முதலிடம் பெற்றார். அது, உலக வாகையருடன் மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்கு அவர் தகுதிபெற உதவியது. 2024 ஏப்ரலில் டொராண்டோவில் அப்போட்டியை வென்ற அவர், அதே ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலக வாகையரானார்.

ஒரே அட்டவணை, மூன்று வெற்றியாளர்கள்

சுவிஸ் முறையில் மட்டும்தான் இச்சிக்கல் எழும் என்று எண்ண வேண்டா. எல்லா அணிகளும் எல்லா அணிகளுடனும் மோதும் சிறு தொடரிலும் இது தோன்றும். பள்ளிகளுக்கு இடையிலான கால்பந்துத் தொடர் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அணுபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், திருக்கழுக்குன்றம் என நான்கு ஊர்களின் அணிகள் அதில் ஆடுகின்றன. வெற்றிக்கு 3 புள்ளிகள். சமநிலைக்கு 1 புள்ளி. ஆட்ட முடிவுகள் பின்வருமாறு அமைந்தன எனக் கொள்வோம்.

- அணுபுரம் 1 – கல்பாக்கம் 0
- கல்பாக்கம் 2 – சதுரங்கப்பட்டினம் 1
- சதுரங்கப்பட்டினம் 3 – அணுபுரம் 1
- அணுபுரம் 5 – திருக்கழுக்குன்றம் 0
- கல்பாக்கம் 2 – திருக்கழுக்குன்றம் 0
- சதுரங்கப்பட்டினம் 1 – திருக்கழுக்குன்றம் 0

முதல் மூன்று அணிகளும் இரண்டிரண்டு வெற்றிகளுடன் 6 புள்ளிகள் பெற்றுள்ளன. கோப்பை யாருக்கு?

முதலில் மொத்தக் கோல் வித்தியாசத்தைப் பார்ப்போம். அணுபுரம் 7 கோல்கள் அடித்து 3 கோல்கள் வாங்கியுள்ளது, வித்தியாசம் +4. கல்பாக்கம் 4 அடித்து 2 வாங்கியுள்ளது, வித்தியாசம் +2. சதுரங்கப்பட்டினம் 5 அடித்து 3 வாங்கியுள்ளது, வித்தியாசம் +2. இவ்விதிப்படி கோப்பை அணுபுரத்திற்கு.

அடுத்து, சமநிலையில் நிற்கும் மூன்று அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் கணக்கிடுவோம். அணுபுரத்தின் வித்தியாசம் -1, கல்பாக்கத்திற்கு 0, சதுரங்கப்பட்டினத்திற்கு +1. இவ்விதிப்படி கோப்பை சதுரங்கப்பட்டினத்திற்கு.

மூன்றாவதாக, மிகக் குறைந்த கோல்களை வாங்கிய அணி எது எனக் காண்போம். கல்பாக்கம் 2 கோல்கள் மட்டுமே வாங்கியுள்ளது. மற்ற இரண்டும் தலா 3 வாங்கியுள்ளன. இவ்விதிப்படி கோப்பை கல்பாக்கத்திற்கு.

ஆட்டங்கள் மாறவில்லை, அடிக்கப்பட்ட கோல்களும் மாறவில்லை. அளவுகோல் மாறியவுடன் வெற்றியாளர் மாறிவிட்டார். முதல் விதி தாக்கும் ஆற்றலுக்கு இடம் தருகிறது. இரண்டாவது விதி சமமானோருக்குள் சிறந்தவரைத் தேடுகிறது. மூன்றாவது விதி தற்காக்கும் திறனைப் போற்றுகிறது. மூன்றும் தம்மளவில் பொருளுடையனவே. ஆகவே, ‘உண்மையில் சிறந்த அணி எது?’ என்னும் வினாவுக்கு இவ்விதிகளுள் எதுவும் இறுதி விடை தருவதில்லை. ‘எவ்வகைச் சிறப்பை நாம் மதிக்கிறோம்?’ என்பதற்கே ஒவ்வொரு விதியும் விடை தருகிறது.

ஆட்டங்கள் முடிந்தபின் விதியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதன் காரணமும் இதில் அடங்கியுள்ளது. அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு விதியை வகுப்பவர், தம்மை அறியாமலேயே வெற்றியாளரையும் வகுத்துவிடுகிறார்.

நேர்மோதலா, மொத்தக் கணக்கா?

சமமான இரு அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டத்தின் முடிவைக் கொண்டு தீர்மானிப்பது ‘நேர்மோதல் விதி’. எவரும் எளிதில் புரிந்துகொள்ளத்தக்க விதி இது. ‘என்னை வென்றவர் எனக்கு மேலே நிற்கட்டும்’ என்பதைத் தோற்றவரும் மறுப்பதில்லை. ஆயினும் இதற்குக் குறைகள் உண்டு. நம் கற்பனைத் தொடரில் கண்டதுபோல, முதலாமவர் இரண்டாமவரை வெல்ல, இரண்டாமவர் மூன்றாமவரை வெல்ல, மூன்றாமவர் முதலாமவரை வென்றால் விதி வட்டமாகச் சுழலுமேயன்றி விடை தராது. மேலும், ஒரு நாளின் ஆட்டத்திற்கு இது இருமடங்கு மதிப்பைத் தருகிறது. அந்த ஆட்டத்திற்குரிய புள்ளி ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது. அதே ஆட்டம் சமநிலையை முறிக்கவும் மீண்டும் பயன்படுகிறது.

மொத்தக் கணக்கு இக்குறையைத் தவிர்க்கிறது. தொடர் முழுவதையும் கருத்தில் கொள்கிறது. எனினும், எளிய அணியின்மீது கோல்களைக் குவிக்கும் ஆசையை அது தூண்டுகிறது. கற்பனைத் தொடரில் அணுபுரத்திற்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தது, திருக்கழுக்குன்றத்தின்மீது அடித்த 5 கோல்களே. முன்னரே வெற்றி உறுதியான ஆட்டத்தில், தளர்ந்து நிற்கும் மாணவர்கள்மீது மேலும் மேலும் கோல் அடிப்பது பள்ளி விளையாட்டின் நோக்கத்திற்கு ஒத்ததா? அமெரிக்கப் பள்ளிகளின் கால்பந்துத் தொடர்கள் சிலவற்றில் இதற்கு ஒரு வழி கண்டுள்ளனர். ஓர் ஆட்டத்தில் எவ்வளவு பெரிய வித்தியாசத்தில் வென்றாலும், குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்டது சமநிலை முறிப்புக் கணக்கில் சேராது. நம் தொடரில் அவ்வரம்பு 2 கோல்கள் என வைத்தால், அணுபுரத்தின் வித்தியாசம் +1 ஆகக் குறைந்துவிடும், கோப்பையும் கைமாறிவிடும்.

சதுரங்க ஒலிம்பியாடும் இத்தகைய மாற்றத்தைக் கண்டதே. முன்பு பலகைப் புள்ளிகளின் மொத்தமே தரவரிசையை முடிவுசெய்தது. 2008ஆம் ஆண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் நடைபெற்ற ஒலிம்பியாடிலிருந்து அணிப் புள்ளிகள் முதலிடம் பெற்றன. எளியோரை எத்தனை புள்ளிகளில் வீழ்த்தினோம் என்பதைவிட, அணியாக எத்தனை முறை வென்றோம் என்பது முதன்மையாயிற்று.

விதி தரும் தூண்டுதல்

ஒரு விதி, முடிந்துபோன ஆட்டங்களை அளப்பதோடு நிற்பதில்லை; நடக்கவிருக்கும் ஆட்டங்களின் போக்கையும் மாற்றுகிறது. இதனை உலகக் கோப்பைக் கால்பந்து வரலாறு இரண்டு முறை காட்டியது.

1982ஆம் ஆண்டு ஸ்பெயினில் நடைபெற்ற உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் பிரிவின் ஆட்டங்களை ஒருநாள் முன்னதாகவே முடித்துவிட்டது. மறுநாள் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இரண்டு அணிகளும் அடுத்த சுற்றுக்குச் செல்லும், அல்ஜீரியா வெளியேறும். பத்தாவது நிமிட அளவில் ஜெர்மனி ஒரு கோல் அடித்தது. அதன்பின் இரண்டு அணியினரும் பந்தைத் தமக்குள் உருட்டிப் பொழுதைக் கழித்தனர். 1-0 என ஆட்டம் முடிந்தது. மூன்று அணிகளும் ஒரே புள்ளியில் நிற்க, கோல் வித்தியாசத்தால் அல்ஜீரியா வெளியேறியது. எந்த எழுத்து விதியும் மீறப்படவில்லை. ஆயினும் பார்த்தோர் மனம் கொதித்தனர். 1986ஆம் ஆண்டு உலகக் கோப்பையிலிருந்து, ஒரு பிரிவின் இறுதி ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கும் முறை வந்தது. கணக்கு முறையை மாற்றாமல், அதை முன்கூட்டியே அறிந்து ஆடும் வாய்ப்பை நீக்கினர்.

2018ஆம் ஆண்டு ரஷ்யாவில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல்கள், நேர்மோதல் என அனைத்திலும் சமமாக நின்றன. ஆகவே நன்னடத்தைப் புள்ளிகள் பார்க்கப்பட்டன. ஜப்பான் 4 மஞ்சள் அட்டைகளும் செனகல் 6 மஞ்சள் அட்டைகளும் பெற்றிருந்தன. ஜப்பான் முன்னேறியது. நேர்மையாக ஆடுவோரைப் போற்றும் நல்ல விதி அது. ஆயினும், போலந்திடம் 0-1 எனப் பின்தங்கியிருந்த ஜப்பான் வீரர்கள், மற்றோர் ஆட்டத்தில் செனகலும் தோற்றுக்கொண்டிருப்பதை அறிந்து, அட்டை வாங்காமல் இருப்பதற்காக இறுதி நிமிடங்களில் ஆடாமலேயே ஆடினர். நல்ல நோக்கத்தில் பிறந்த விதியும் வேறு விளைவைத் தரக்கூடும் என்பதற்கு இது சான்று.

ஆட்டத்தோடு ஒட்டாத அளவுகோல்

2019ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று லார்ட்ஸ் திடலில் நடைபெற்ற உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதி ஆட்டத்தைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நியூசிலாந்தும் இங்கிலாந்தும் தலா 241 ஓட்டங்கள் எடுத்தன. சூப்பர் ஓவரிலும் தலா 15 ஓட்டங்கள். இறுதியில், அதிக எல்லைக்கோட்டு அடிகளை அடித்த அணி என்னும் விதியால் இங்கிலாந்து கோப்பையை வென்றது. இங்கிலாந்தின் அத்தகைய அடிகள் 26. நியூசிலாந்தின் அடிகள் 17.

அவ்விதி முன்பே அறிவிக்கப்பட்டதுதான். இரண்டு அணிகளுக்கும் பொதுவானதுதான். பின் ஏன் அது கடும் விமர்சனத்திற்கு உள்ளாயிற்று? கிரிக்கெட்டில் ஓடி எடுத்த நான்கு ஓட்டங்களும் எல்லைக்கோட்டைத் தொட்டுப் பெற்ற நான்கு ஓட்டங்களும் ஒரே மதிப்புடையவை. ஆட்டம் வேறுபடுத்தாத ஒன்றைச் சமநிலை முறிப்பு விதி வேறுபடுத்தியது. இழந்த விக்கெட்டுகளைப் பார்த்திருந்தால், 8 விக்கெட்டுகளை மட்டும் இழந்த நியூசிலாந்து, அனைத்து விக்கெட்டுகளையும் இழந்த இங்கிலாந்தை முந்தியிருக்கும். அதே ஆண்டு அக்டோபரில் பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றம் இவ்விதியை நீக்கியது. வெற்றியாளர் கிடைக்கும்வரை சூப்பர் ஓவரைத் தொடர்வது என முடிவாயிற்று. முன்னறிவிப்பு மட்டும் போதாது. அளவுகோல் ஆட்டத்தின் உயிரோடு ஒட்டியிருத்தல் வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

ஆடுதல், பகிர்தல், குலுக்குதல்

கணக்கை நாடாத வேறு மூன்று வழிகளும் உள்ளன.

முதலாவது, மீண்டும் ஆடுதல். 2012ஆம் ஆண்டு மாஸ்கோவில் விசுவநாதன் ஆனந்தும் போரிஸ் கெல்ஃபாண்டும் மோதிய உலக வாகையர் போட்டி 6-6 எனச் சமமாயிற்று. விரைவு ஆட்டங்களில் 2.5-1.5 என வென்று ஆனந்த் பட்டத்தைத் தக்கவைத்தார். 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் நெதர்லாந்தின் டாடா ஸ்டீல் போட்டியில் சென்னையைச் சேர்ந்த குகேஷும் பிரக்ஞானந்தாவும் 8.5 புள்ளிகளுடன் முதலிடத்தில் சமமாக நின்றனர். மின்னல்வேக ஆட்டங்களில் பிரக்ஞானந்தா வென்றார். முடிவை வீரர்களிடமே ஒப்படைப்பது இம்முறையின் சிறப்பு. ஆனால் விரைவு ஆட்டம் வேறொரு திறனைச் சோதிக்கிறது. மேலும், பல நாள் ஆடிக் களைத்த பள்ளி மாணவர்களை மீண்டும் கால்பந்துத் திடலில் இறக்குவது எப்போதும் ஏற்றதன்று.

இரண்டாவது, பகிர்தல். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டு 1 அன்று உயரம் தாண்டுதலில் கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் 2.37 மீட்டர் தாண்டிச் சமமாக நின்றனர். தவறிய முயற்சிகளின் எண்ணிக்கையும் சமம். மீண்டும் தாண்டுவதற்கு வாய்ப்பிருந்தும் இருவரும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டனர். சமமானோரைச் சமமானோர் என ஏற்பதும் ஒரு நடுநிலையே. ஆனால், அடுத்த சுற்றுக்குச் செல்ல ஓரிடம் மட்டுமே உள்ளபோது இது பயன்படாது.

மூன்றாவது, குலுக்கல். 1954ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குத் தகுதிபெறுவதில் ஸ்பெயினும் துருக்கியும் சமமாக நின்றன. ரோம் நகரில் ஒரு சிறுவன் எடுத்த சீட்டு துருக்கியைத் தேர்ந்தது. இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஊரவை உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்ததை விரித்துரைக்கின்றன. அங்கும் குடத்திலிருந்து ஓலையை எடுத்தது ஒரு சிறுவனின் கை. ஆயினும் அங்கே குலுக்கல் முதற்படி அன்று. வயது, நிலம், கல்வி, ஒழுக்கம் முதலிய தகுதிகளைக் கொண்டு சலித்தெடுத்த பின்னரே பெயர்கள் குடத்தில் இடப்பட்டன. தகுதியால் பிரிக்க இயலாத இடத்தில்தான் குலுக்கல் நுழைய வேண்டும் என்னும் தெளிவு அதில் காணப்படுகிறது. குலுக்கல் யாருடைய சிறப்பையும் சொல்வதில்லை; ஆனால் யாருடைய சார்புக்கும் இடம் தருவதில்லை.

> தெரிந்து தெளிவோம்
>
> தேர்தலில் இரண்டு வேட்பாளர்கள் சம வாக்குகள் பெற்று, ஒரு வாக்குக் கூடினால் ஒருவர் வெற்றிபெறக்கூடும் என்னும் நிலை ஏற்பட்டால், தேர்தல் அலுவலர் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்வார். சீட்டில் வந்தவர் கூடுதலாக ஒரு வாக்குப் பெற்றவராகக் கருதப்படுவார். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது.

நல்ல விதியின் இலக்கணம்

இதுவரை கண்ட நிகழ்வுகளிலிருந்து நல்லதொரு சமநிலை முறிப்பு விதிக்குரிய பண்புகளைத் தொகுக்கலாம்.

முதல் ஆட்டம் தொடங்குமுன்பே விதி எழுத்தில் இருத்தல் வேண்டும். அனைவருக்கும் ஒரே வகையில் பொருந்துதல் வேண்டும். ஆட்டம் எதனைச் சிறப்பாகக் கருதுகிறதோ அதனையே அளத்தல் வேண்டும். ஆடாமல் இருப்பதற்கோ, எளியோரை இழிவுபடுத்துவதற்கோ, பிறருடன் கூட்டுச் சேர்வதற்கோ தூண்டுதலாக அமைதல் கூடாது. மூவர் சமமானாலும் விடை தரும் வகையில், ஒன்றன்பின் ஒன்றாகப் படிகள் இருத்தல் வேண்டும். தோற்றவரும் தாமே கணக்கிட்டுச் சரிபார்க்கும் அளவுக்கு எளிமையும் வேண்டும்.

இப்பண்புகள் ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. சோன்போர்ன்-பெர்கர் முறை பாதையின் கடுமையை நன்கு அளக்கும். ஆனால் பார்வையாளர் மனக்கணக்காகப் போட இயலாது. நேர்மோதல் எளிது, ஆனால் வட்டமாகச் சுழலும். எல்லாப் பண்புகளையும் முழுமையாகக் கொண்ட விதியைத் தேடுவதைவிட, நம் தொடருக்கு எது முதன்மை என்பதைக் கூடிப் பேசித் தேர்வதே அறிவுடைமை.

இனி மாமல்லபுரத்து வினாவுக்குத் திரும்புவோம். நேர்மோதலை முதல் அளவுகோலாகக் கொண்டு இவ்விரு அணிகளை மட்டும் ஒப்பிட்டிருந்தால் அமெரிக்க அணியே மேலே நின்றிருக்கும். அதுவும் நடுநிலையான முடிவாகவே இருந்திருக்கும். பின்பற்றப்பட்ட விதியில் இந்திய அணி மேலே நின்றது. அதுவும் நடுநிலையே. அவ்விதி இந்தியாவுக்காக இயற்றப்பட்டதன்று; முதல் நகர்வுக்கு முன்பே அனைவரும் ஏற்றுக்கொண்டது. சுவிஸ் முறையின் இயல்புக்கு ஏற்றது. வலியோரோடு மோதுவதற்குத் தூண்டுவது. ஆகவே அப்பதக்கத்தை நாம் தலைநிமிர்ந்து ஏற்கலாம். அதே வேளையில், இதே போன்ற விதியால் நாளை நம் அணி ஓரிடம் கீழே இறங்கினால் அதனையும் அமைதியாக ஏற்கக் கடமைப்பட்டுள்ளோம். வெல்லும்போது மட்டும் விதியைப் போற்றுவது நடுநிலை ஆகாது.

ஆட்டக்களத்திற்கு அப்பால்

சமநிலை முறிப்பு விளையாட்டோடு முடிவதன்று. மேல்நிலைக் கல்வியை முடித்துத் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கு விண்ணப்பிப்போர் இதனை நேரில் காண்பர். கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களிலிருந்து 200க்குக் கணக்கிடப்படும் ‘கட்-ஆஃப்’ மதிப்பெண்ணில் பலர் சமமாக நிற்பது இயல்பு. அப்போது முதலில் கணித மதிப்பெண்ணும் அடுத்து இயற்பியல் மதிப்பெண்ணும் பார்க்கப்படும். மதிப்பெண்களின் படிகள் யாவும் சமமானால் பிறந்த தேதியால் மூத்தவர் முந்துவார். அதுவும் ஒன்றானால், விண்ணப்பதாரர்க்கு முன்பே வழங்கப்பட்ட சமவாய்ப்பு எண் முடிவுசெய்யும். தகுதியில் தொடங்கிக் குலுக்கலில் முடியும் இப்படிவரிசை, உத்திரமேரூர்க் குடவோலையை நினைவூட்டுகிறது அல்லவா?

மூத்தவருக்கு முன்னுரிமை என்பது நடுநிலையா? பொறியியல் கல்விக்குக் கணிதம் முதன்மை என்பது போல, வயதுக்கும் கல்விக்கும் தொடர்பு உண்டா? இவ்வினாக்களை எழுப்புவது விதியை மீறுவதாகாது. விதி நடைமுறைக்கு வருமுன் வினவுவது குடிமக்களின் உரிமை. நடைமுறைக்கு வந்தபின் அனைவர்க்கும் ஒன்றாய் அது பின்பற்றப்படுவதைக் காப்பது கடமை.

வள்ளுவர் நடுவு நிலைமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். சமமாக நிற்கும் இருவருள் ஒருவரை மேலே வைக்க வேண்டிய கட்டாயம் நேரும்போதுதான் அந்நிலைமை சோதிக்கப்படுகிறது. அச்சோதனையில் தேறுவதற்கான வழி, யார் வெல்வார் என அறியாத நாளிலேயே விதியை எழுதிவைப்பதாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் நடைபெறும் ஏதேனும் ஒரு விளையாட்டுத் தொடருக்கு ஐந்து படிகள் கொண்ட சமநிலை முறிப்பு விதியை வகுத்து, ஒவ்வொரு படிக்கும் காரணம் எழுதுக.
2. கட்டுரையில் உள்ள கற்பனைத் தொடரில், கோல் வித்தியாச வரம்பு 1 என வைத்துக் கணக்கிட்டு, முடிவை வகுப்பில் விளக்குக.
3. ‘இறுதிச் சுற்றில் வென்ற அணிக்கே பதக்கம் வழங்கியிருக்க வேண்டும்’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா: சுவிஸ் முறையில் ஒரே புள்ளி பெற்ற இரண்டு அணிகளின் பாதைகள் வேறுபடுவது ஏன்?

சிறுவினா: 2019ஆம் ஆண்டு கிரிக்கெட் இறுதி ஆட்டத்தின் விதி விமர்சனத்திற்கு உள்ளானதன் காரணத்தை விளக்குக.

நெடுவினா: நல்ல சமநிலை முறிப்பு விதியின் பண்புகளைத் தக்க நிகழ்வுகளோடு பொருத்திக் கட்டுரைக்க.